தனி என்று ஒரு வார்த்தை

போன வாரம் பாலிசி அறைந்து சாத்திய கதவின் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. சத்தத்துக்குக் காரணம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

பாலிசி என்பது அந்த வீட்டுக் கடைக்குட்டிப் பெண். வயது முப்பத்தாறு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்த அன்று அண்ணன் கேலியாக வைத்த பட்டப்பெயர். கேலி எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே பாலிசி அவள்தான்.

தாயாருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து காலமாகிறது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்தச் செலவை ஏற்பது மகளின் கம்பெனி. மகள் வேலையில் இருக்கும்வரை ஏற்கும், வேலையை விட்ட மறுநாள் யாரோ எவரோ என்றுவிடும். மகன் லிஃப்ட் மெக்கானிக், சொந்தத் தொழில். அவன் தயவில் யாரும் மேலே போகலாம், கீழே வரலாம். ஆஸ்பத்திரிக்குள் போக முடியாது.

இந்த லட்சணத்தில், கடைத்தெரு மூக்குக்கண்ணாடிக்காரர் வேறு ஊரில் பெரிய கடையாகப் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார். பாலிசியும் அவரும் பழகுவது தாயாரைத் தவிர ஊருக்கே தெரியும் என்பது பாலிசியின் நினைப்பு. 'நீயும் வா, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்' என்று அவர் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அதை அண்ணியிடம் சொல்ல வந்தபோது அண்ணி, "கொஞ்சம் பொறு, எங்க கமிட்டி முடியட்டும்" என்றாள். அதற்குத்தான் அந்தக் கதவு.

ஆறுதல் சொன்னதற்கு ஏன் கதவைச் சாத்த வேண்டும்? அண்ணிக்கு அது விளங்கவேயில்லை. விளங்காமலே வெள்ளிக்கிழமை விடிந்தது.

அண்ணியை ஊரில் மணியக்கா என்பார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு.

ஆளுக்கொரு கம்பெனியில் பணத்தைக் கட்டிவிட்டு, நோய் வந்த பிறகு 'இந்த நோய் எங்கள் பட்டியலில் இல்லையே' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிற பிழைப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு, எல்லோருடைய பணத்தையும் மாநிலமே ஒரே பையில் வாங்கி, அதே பையிலிருந்து எல்லோருடைய வைத்தியத்துக்கும் கொடுத்துவிட முடியுமா, முடியாதா? இதை ஆராய ஒரு கமிட்டி. நாலாவது கமிட்டி. முதல் மூன்றும் ஆராய்ந்து களைத்து, 'மேலும் ஆராயலாம்' என்று எழுதி வைத்துவிட்டுப் போயின. அரசாங்கத்தில் ஆராய்வது ஒரு வகைத் தூக்கம். புரண்டு படுக்க மட்டும் ஆணை வேண்டும்.

மணியக்கா அந்தக் கமிட்டியின் செயலாளர். கமிட்டி இருக்கும்வரைதான் அந்த வேலை, மாமியாரின் வைத்தியமெல்லாம் அதில் சேராது. கருத்துச் சொல்ல வருகிறவர்களுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் மணி. ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருக்குமே, தலையில் தட்டினால் 'டிங்' என்கிற மணி, அதுதான். பெரிய டாக்டர்களையும் கம்பெனி முதலாளிகளையும் பாதி வாக்கியத்தில் நிறுத்திய கை அவளுடையது. டாக்டர்கள் பேசியாயிற்று, கம்பெனிகள் பேசியாயிற்று. இன்று பொதுமக்கள் முறை. ஒரே ஒரு நாள்.

அன்று காலை சமையலறையில் நாலு பேரும் இருந்தார்கள், பேச்சுதான் இல்லை. எங்கோ பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து விடியும்வரை ஆட்களை இறக்கிவிட்டு வந்த கணவன், டீயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கினான். பாலிசி கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ரொட்டியைத் தொடாமல் கிளம்பினாள்.

"பதில் சொல்லிட்டியா?" என்று மணியக்கா மெல்லக் கேட்டாள்.

"நீங்கதான் ஊருக்கே பதில் ஒட்டிட்டீங்களே அண்ணி" என்றாள் பாலிசி. இந்த முறை கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அது இன்னும் மோசம்.

மாமியார் ஒருத்திதான் உற்சாகமாக இருந்தாள். இன்று ஆஸ்பத்திரி நாள் இல்லை, இருந்தும் நல்ல உடுப்பாக எடுத்து உடுத்தியிருந்தாள். கூட்ட அறிவிப்புத் தாள் ஒன்றைக் கையை முழுதாக நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மங்கி வருஷங்களாகின்றன. எழுத்தைப் படிப்பதைவிட எழுத்தின் வடிவத்தைப் பார்த்து ஊகிப்பதுதான் அதிகம். கண்ணாடி வாங்கலாம் என்றால், 'ரத்தத்துக்கே இவ்வளவு பாடு, கண்ணுக்கு வேறயா' என்பாள்.

"நல்லா எழுதியிருக்கேம்மா" என்றாள் மருமகளிடம். "படிக்கறப்பவே மனசு லேசாகுது. ஆமா, கடைத்தெருவுக்கு எந்த பஸ்ஸு இப்ப?"

மாமியார் பாராட்டினால் மருமகள் அன்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மணியக்கா பஸ் எண்ணைச் சொல்லிவிட்டு, மணியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அந்த அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கமிட்டி தன் காரியத்தையெல்லாம் சட்டப் பாஷையில்தான் நடத்தும். மக்களுக்குப் போகிற தாளை மட்டும் மக்கள் தமிழில் எழுதும் வேலை மணியக்காவுடையது. ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் செலுத்துகிற இடம் ஒன்றே ஒன்று. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். 'ஒற்றை' என்று போட்டுப் பார்த்தாள், ஒற்றைத் தலைவலி ஞாபகம் வந்தது. 'ஒரே' என்று போட்டாள், மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. கடைசியில் 'தனி' என்று போட்டாள். தனிப்பெரும் என்கிறோமே, அந்த வரிசையில் கம்பீரமாக உட்கார்ந்தது. 'தனிச் செலுத்துநர் முறை'. தலைவர் படித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார். சுவர் சுவராக ஒட்டியாயிற்று.

நகர மண்டபம் அன்று நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையிலெல்லாம் ஆட்கள். இவ்வளவு கூட்டத்தைக் கண்டு மணியக்காவுக்கு முதலில் மனசு குளிர்ந்தது. ஜனங்களுக்கு அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தாள். அக்கறை இல்லை, ஆத்திரம் என்பது முதல் ஆள் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

முதலில் வந்தவர் சலூன்காரர். தனி மரம் தோப்பாகாது என்று பெரியவர்கள் சொன்னது உங்கள் கமிட்டிக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தார். சலூன் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து கட்டும்போதே மூச்சு முட்டுகிறதாம். இனிமேல் ஆளாளுக்குத் தனியாகக் கட்டு என்றால் கத்தியைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானாம். கைதட்டல்.

பாவம், சரியாகப் படிக்கவில்லை என்று மணியக்கா நினைத்தாள். டிங்.

அடுத்தவர் கிரேன் ஓட்டுகிறவர். தனியாரிடம் கொடுப்பதற்கு எதற்கு ஒரு கமிட்டி, நாற்காலி, மைக்கு என்று கேட்டார். இப்போது மட்டும் எல்லாம் யாரிடம் இருக்கிறதாம்? இதை ஆராய நாலு கமிட்டியா? இன்னும் பெரிய கைதட்டல்.

மணியக்காவின் பேனா நின்றது.

மூன்றாவதாக ஒரு தபால்காரம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நிதானமாகத்தான் பேசினார். தனியாக இருப்பது அவரவர் இஷ்டம். குடும்பஸ்தர்களை விட்டுவிட்டு தனியாக இருப்பவர்கள் மட்டும் செலுத்த வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே உட்கார்ந்தார். அவர் பின்னால் ஒரு புது மாப்பிள்ளை கையைத் தூக்கி, இது தனிக்குடித்தனம் போகிறவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவியா, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான். மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சேராத ஒரே ஆள் செயலாளர்தான்.

ஒரு சின்ன வார்த்தை. நாலு பேர், நாலு அர்த்தம். அதில் மூன்று எதிர்ப்பு. அதற்குப் பிறகு காலை முழுவதும் வந்தவர்கள் பேசியது மணியக்காவின் காதில் விழவில்லை. 'தனி' என்பது மட்டும் விழுந்துகொண்டேயிருந்தது, சொட்டுகிற குழாய் மாதிரி.

மத்தியான இடைவேளையில் தலைவரின் அறைக்குப் போனாள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வலது முட்டி தேய்ந்துபோய், காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறவில்லை. பதறுகிற வயதைத் தாண்டியவர்.

ஒரு வார்த்தைதானே, அறிக்கையில் அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம் என்றார். மேடையில் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவளே எழுதிய விதியைக் காட்டி நினைவூட்டினார். அறிவிப்பில் பொருள் மாறும் பிழை இருந்தால் கூட்டம் செல்லாது. புது அறிவிப்பு கொடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி கூட்டலாம். கமிட்டியின் ஆயுளோ இந்த மாதக் கடைசியோடு சரி.

"சொன்னா கூட்டம் போச்சு. சொல்லலேன்னா 'மக்கள் விரும்பவில்லை'ன்னு எழுதிட்டுக் கிளம்பலாம். ரெண்டுலயும் வீட்டுக்குத்தான் போறோம். எதுக்கும்மா வீண் அலைச்சல்?"

"விரும்பலைன்னு எழுதினா அஞ்சாவது கமிட்டியே வராது சார்."

தலைவர் முட்டியைத் தடவினார். "இந்த முட்டியை மாத்தணும்னு கம்பெனிக்கு எழுதினேன். முடியாதுன்னுட்டான். முப்பது வருஷம் தீர்ப்பு எழுதினவன் அப்பீல் போட்டேன், அதுவும் தள்ளுபடி. எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன?" என்றார். பிறகு பிஸ்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர் வைத்திருந்த மணி அது.

வெளியே வந்தால் தண்ணீர்க் குழாயடியில் பாலிசி நிற்கிறாள். ஆபீசுக்குப் போனவள் இங்கே எப்படி? சுற்றிப் பார்த்தால் அதே அட்டையை மாட்டிய ஐம்பது அறுபது பேர். கம்பெனியே பஸ் பிடித்து அனுப்பியிருக்கிறது, எதிர்ப்புத் தெரிவிக்க. பேச வேண்டியதை அச்சடித்தும் கொடுத்திருக்கிறது.

"நீயும் பேசப் போறியா?"

"பேர் குடுத்திருக்காங்க. சாயந்திரம் மூணாவது ஆள்." பாலிசி தண்ணீரைக் குடித்து முடித்தாள். "அவர்கிட்ட காலையில வரலைன்னு சொல்லிட்டேன் அண்ணி. நாளைக்கு சாமான் ஏத்தறாராம்."

"ஏன் சொன்னே? கொஞ்சம் பொறுன்னு சொன்னேனே?"

"எதுக்குப் பொறுக்கறது? நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தானே சொன்னேன்."

பாலிசியின் வேலை என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாள் முழுவதும் வருகிற விண்ணப்பங்களை இரண்டாகப் பிரிப்பது. 'தனி', 'குடும்பம்'. குடும்பம் என்றால் ஒருவர் வேலையில் நாலு பேர் தொற்றிக்கொண்டு வரலாம். தனி என்றால் அவரவர் உடம்பு, அவரவர் பாடு. ஏற்கெனவே நோயாளியாக இருப்பவருக்குத் தனி கிடையவே கிடையாது. பதினாலு வருஷமாக அந்த ஒரு சொல்லின் மேல் முத்திரை குத்தியே அவள் கை காய்த்துப்போயிருந்தது. அப்படிப்பட்டவள் சுவரில் 'தனி' என்று பார்த்தால் என்ன நினைப்பாள்? குடும்பத்தை எடுத்துவிட்டார்கள், அம்மாவைத் தனியாக நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். கம்பெனியின் குடும்பக் கணக்கிலாவது அம்மாவுக்கு ஒரு மூலை இருக்கிறது, இதையும் விட்டால் அதுவும் இல்லை என்று முடிவுகட்டி, ஒரு மனிதரை அனுப்பிவிட்டாள்.

இதை அவள் சொல்லச் சொல்ல மணியக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்தத் தனி இல்லம்மா அது" என்றாள் கடைசியில். "ஆள் தனி இல்ல. வாங்கற இடம் ஒண்ணு. எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி."

பாலிசி அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஒரேன்னு போடறதுதானே?"

"மேடைப் பேச்சு மாதிரி இருந்துது."

பாலிசி சிரிக்கவில்லை, அழவில்லை. காகிதக் குவளையைக் கசக்கிக் கூடையில் போட்டாள். "நல்லா இருக்கு அண்ணி, உங்க தமிழ்" என்றுவிட்டு, கம்பெனிக் கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயந்திர அமர்வு. வெயில் ஜன்னல் மாறியிருந்தது, கூட்டத்துக்குக் கொட்டாவி வந்திருந்தது. கம்பெனி அட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதே தாளை வேறு வேறு குரலில் படித்தார்கள். மூன்றாவதாகப் பாலிசி வந்தாள்.

'நான் இந்த நிறுவனத்தின் ஊழியர். என் குடும்பத்தின் பாதுகாப்பு இந்த வேலையில்தான் இருக்கிறது' என்று படித்தாள். அச்சடித்த பொய்களுக்கு நடுவே அந்த ஒரு வரி தப்பித்தவறி உண்மையாக இருந்தது. அதனாலோ என்னவோ அங்கேயே நின்றுவிட்டாள். தாளை மடித்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். அறிவிப்புல தனின்னு இருக்கு. தனின்னா என்ன அர்த்தம்? அதைக் கமிட்டி சொன்னா, நான் எதிர்க்கறேனா இல்லையான்னு சொல்லிடறேன்."

தலைவர் நிமிர்ந்தார். இது கேள்வி நேரம் இல்லை, கருத்து இருந்தால் சொல்லலாம் என்றார்.

"அந்தக் கேள்விதாங்க என் கருத்து."

சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது. கம்பெனி வரிசையில் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ குனிந்து கேட்டார். பக்கத்து ஆள் பாலிசியின் அட்டையிலிருந்த பெயரை எட்டிப் பார்த்தார். அதை மணியக்கா கண்டாள். இந்தப் பெண் இப்போது நிற்பது மைக்குக்கு முன்னால் இல்லை, தன் வேலையின் விளிம்பில் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்த வேலையில்தான் மாமியாரின் ரத்தம் ஓடுகிறது.

மூன்று நிமிடம் முடிந்தது. தலைவர் புருவத்தால் மணியைக் காட்டினார்.

தட்டினால் தீர்ந்தது. பாலிசி 'கருத்து இல்லை' என்ற கணக்கில் போய்விடுவாள். வேலையும் பிழைத்தாலும் பிழைக்கும். கூட்டமும் செல்லும், எதிர்ப்பும் நிற்கும், அடிக்குறிப்பும் யாரும் படிக்காத பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். மணியக்காவின் உள்ளங்கை மணியின் மேல் இறங்கியது. இறங்கியது தட்டுவதற்கு இல்லை போலும். மணியை மூடிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். 'டிங்'குக்குப் பதில் 'டொக்' என்று ஒரு ஊமைச் சத்தம் வந்தது.

"அந்த வார்த்தை நான் போட்டது" என்றாள். "தப்பாப் போட்டுட்டேன். யாரும் தனியாக் கட்ட வேண்டியதில்ல. தனியாருக்கும் இல்ல. எல்லாரும் ஒரே இடத்துல கட்டறது, யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அந்த ஒரே இடம் குடுக்கறது. வேலை போனாலும் குடுக்கும். அது நம்மால முடியுமான்னு கேக்கத்தான் உங்களையெல்லாம் கூப்பிட்டோம்."

மண்டபத்தில் கொட்டாவி நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் சலூன்காரர், யாரையும் பார்க்காமல்.

பாலிசி மைக்கை நெருங்கினாள். "அப்ப நான் எதிர்க்கல" என்றாள். இறங்கிவிட்டாள்.

அதற்குள் வக்கீல் எழுந்துவிட்டார். பிழை இருப்பதைச் செயலாளரே ஒப்புக்கொண்டதால் கூட்டம் செல்லாது, காலை முதல் பதிவானது எதுவும் செல்லாது என்று விதியின் எண்ணோடு சொன்னார். விதி எழுதியவளுக்கே விதியைப் படித்துக் காட்டினார். தலைவர் கண்ணை மூடித் திறந்து, செல்லாது என்று சொன்னார். கூட்டம் கலைந்தது.

நாயகியைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அது வேறு பத்திரிகை. போகிற வழியில் கிரேன்காரர், ஒரு நாள் கூலி போச்சு என்றார். தபால்காரம்மா முறைத்தார். சலூன்காரர் நின்று, "இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா கடையைத் திறந்திருப்பேன்ல" என்று கேட்டார். தலைவர் மட்டும் நொண்டிக்கொண்டே வந்து, ஆயுளை நீட்டிக்கச் சொல்லி எழுதிப் பார்க்கிறேன், தர மாட்டார்கள், இருந்தாலும் எழுதுகிறேன் என்றார். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்கிற குரல்.

கம்பெனி பஸ்ஸில் இடம் இருந்தது. பாலிசிக்கு இல்லை. அண்ணியும் நாத்தனாரும் ஊர் பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். பாலிசி கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாம் முறை போடாமல் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவமா?" என்றாள் மணியக்கா.

"கோவப்படறதுக்குத் தெம்பு வேணும் அண்ணி." கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கு மேனேஜர் கூப்பிடுவார். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள். அதற்கும் கொஞ்ச தூரம் போன பிறகு அண்ணியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மணியக்கா இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை தோளை அசைக்கவில்லை.

வீட்டில் கணவன் வாசலிலேயே நின்றான். அம்மாவைக் காலையிலிருந்து காணோம் என்றான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம். மூன்று பேரும் பதறி, யார் எந்தப் பக்கம் தேடுவது என்று பிரித்துக்கொண்டிருக்கும்போது, தெருமுனையில் மாமியார் வந்தாள். சாவகாசமாக, இருபக்கத்து வீட்டுப் பலகைகளையும் சத்தமாகப் படித்துக்கொண்டு. மூக்கில் புத்தம்புதுக் கண்ணாடி.

"எங்கம்மா போயிட்ட?" என்றான் மகன்.

"கண்ணு பாக்கப் போனேன்" என்றாள் மாமியார், உள்ளே வந்து உட்கார்ந்தபடி. பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணைப் பாத்தேன், ஆளையும் பாத்தேன். பொறுமையான பிள்ளை. ஒரே எழுத்தைப் பத்துத் தடவை காட்டினான், முகம் சுளிக்கல. கண்ணாடி மாட்டிவிடறப்ப யாரோ ரெண்டு தடவை போன் பண்ணினாங்க, எடுக்காம என்னையே கவனிச்சான்."

பாலிசி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரியாது என்றுதானே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்? ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு அதற்கு முன்பே தெரியும். ஊரில் பாதிப் பேருக்குச் சொன்னதே அம்மாதானோ என்று இப்போது சந்தேகம்.

"அவர்கிட்ட என்னம்மா சொன்னே?" என்றாள் பாலிசி.

"எம் பொண்ணு வரமாட்டேன்னு சொன்னது என்னை நினைச்சு. அவ சொன்னதைக் கணக்குல எடுத்துக்காதேன்னேன். ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் இனிமே அரசாங்கம் பாத்துக்கப் போகுது, அவ தாராளமா வேலையை விட்டுட்டு வருவா, நாளைக்கு வீட்டுக்கு வந்து பேசுன்னு சொல்லிட்டு வந்தேன். கட்டி வச்ச சாமானைப் பிரிச்சுட்டான்."

"யாரு உனக்கு அப்படிச் சொன்னது?"

"உங்க அண்ணிதான். சுவர் சுவரா ஒட்டியிருக்காளே. தணிச் செலுத்துநர்னு. செலவு தணியற திட்டம். நான்தான் படிச்சேனே."

மணியக்கா அறிவிப்புத் தாளை எடுத்து நீட்டினாள். மாமியார் இந்த முறை கையை நீட்டவில்லை. தாளை மடியில் வைத்து, புதுக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். ஒரு சுழி குறைந்தது. பார்த்துக்கொண்டேயிருந்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கி, அந்த முகத்தில் ஆஸ்பத்திரி நாளின் சோர்வு வந்து உட்கார்ந்தது.

நமக்கென்ன, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊர் பூராவும் எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டு எதிர்த்தது. எழுத்தைத் தப்பாகப் படித்த ஒரே மனுஷிதான் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, கூட்டம் செல்லாதுன்னு ஆயிடுச்சு" என்றாள் மணியக்கா. "அந்தத் திட்டம் வருமான்னே தெரியாது. வந்தாலும் எப்போன்னு தெரியாது." மற்றதையும் சொன்னாள். தனி, ஒரே, பாலிசி மைக்கில் நின்றது, கோட்டுப் போட்டவர் அட்டையைப் பார்த்தது, எல்லாம்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"இவ கழுத்துல நான் தொங்கிக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியாதா? மெஷின்ல படுத்திருக்கறப்ப எல்லாம் அதைத்தானே நினைக்கறேன்" என்றாள். "ஒரு பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். தப்பாப் படிச்சே குடுத்ததா இருக்கட்டும். நான் என் வார்த்தையை மாத்த மாட்டேன். உன் கமிட்டி மாத்தட்டும்."

மணியக்கா பையைக் கீழே வைத்தாள். அவசரத்தில் மணியையும் எடுத்து வந்திருக்கிறாள் போலும். தரையில் பட்டு 'டிங்' என்றது. பழக்க தோஷம், எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த மௌனத்தில் பாலிசியின் போன் மேசை மேல் அதிரத் தொடங்கியது. நாளைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்தது இன்றைக்கே வந்துவிட்டது. பாலிசி அண்ணியைப் பார்த்தாள், அண்ணி கணவனைப் பார்த்தாள், அவன் சுவரைப் பார்த்தான். கையை நீட்டியது மாமியார் ஒருத்திதான். போனை எடுத்து, கண்ணாடிக்கு நேராகப் பிடித்து, திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"மே... னே... ஜர்" என்றாள். "இதுல எந்தச் சுழியும் தப்பில்லையே? அப்ப நானே பேசறேன்."